சென்னை ஆய்வு மாணவர் எச்சரித்த 'சூப்பர்பக்': குற்றாலம் சீசனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

குற்றாலத்தில் சாரல் அடிக்க ஆரம்பித்துவிட்டால் தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை வட்டாரமே வேறு மாதிரி ஆகிவிடும். ஐந்தருவியில் வரிசை, மெயின் அருவியில் தள்ளுமுள்ளு, பார்டரில் பரோட்டா. ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை நீளும் இந்த சீசனில் குளித்துவிட்டுப் போகிறவர்களில் சிலருக்கு ரெண்டாம் நாள் தொண்டை கரகரக்கும். லேசாகக் காய்ச்சல் அடிக்கும். சிலருக்கு வயிறு கலங்கும். அதற்கு அடுத்து நடப்பது, தமிழ்நாட்டில் எந்த ஊர்க்காரருக்கும் பழக்கமான காட்சிதான்.

"அண்ணாச்சி, ரெண்டு நாளா காய்ச்சல், தொண்டை வலி. மூணு வேளைக்கு மாத்திரை குடுங்க."

கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கி, சின்னக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, கூடவே ஒரு ஆன்டிபயாட்டிக். டாக்டர் சீட்டு கிடையாது, பரிசோதனை கிடையாது. ரெண்டு நாளில் உடம்பு தேறிவிடும். மாத்திரையால் தேறியதா, தானாகத் தேறியதா என்று யாரும் யோசிப்பதில்லை. சளியும் சாதாரணக் காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. ஆக, தானாகத்தான் தேறியிருக்கும்.

ஆனால் அந்த மூணாவது மாத்திரை சும்மா போகவில்லை. அது உடம்புக்குள் வேறு ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. அது என்ன வேலை என்பதை 2010-ல் உலகத்துக்கே புரியவைத்தவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். அவர் பெயர் கார்த்திகேயன் குமாரசாமி.

முதலில், பாக்டீரியா எப்படி மருந்தை ஏமாற்றுகிறது?

நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை நமக்குத் தொந்தரவு தராதவை. நல்ல சூழல் கிடைத்தால் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். இப்படிப் பெருகும்போது மரபணுவில் அங்கங்கே எழுத்துப்பிழை மாதிரி மாற்றங்கள் வரும். அதில் ஏதோ ஒன்று தற்செயலாக ஒரு மருந்தைத் தாங்கும் சக்தியைக் கொடுத்துவிடும்.

மருந்து இல்லாத வரை அந்த ஒன்று கூட்டத்தோடு கூட்டமாகக் கிடக்கும். ஆன்டிபயாட்டிக் உள்ளே போனதும் கதை மாறிவிடும். மற்றவை செத்துவிடும், இது மட்டும் பிழைக்கும். போட்டியாளர்கள் இல்லாத இடத்தில் இதன் வாரிசுகள்தான் இனி ஊர் முழுக்க. வயலில் நெல்லை மட்டும் கொல்லும் மருந்தை அடித்துவிட்டு, களை நன்றாக வளர்கிறதே என்று ஆச்சரியப்படுவது போலத்தான் இது.

இதில் ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே சரிசெய்துவிடலாம். 'எனக்கு ஆன்டிபயாட்டிக் கேட்காது, உடம்பு பழகிடுச்சு' என்று பலர் சொல்வார்கள். பழகுவது உடம்பு இல்லை, பாக்டீரியா. அதனால்தான் வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாட்டிக்கூட சாப்பிடாத பச்சிளம் குழந்தைக்கும் மருந்துக்கு அடங்காத தொற்று வரமுடிகிறது.

இந்த எதிர்ப்புத்திறன் மனிதன் கண்டுபிடித்தது அல்ல. வட அமெரிக்காவின் உறைபனி மண்ணில் 30,000 ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த பாக்டீரியா டி.என்.ஏ.விலேயே இந்த மரபணுக்கள் இருந்ததை 2011-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மண்ணில் நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று போட்டுக்கொள்ளும் சண்டையின் ஆயுதமும் கேடயமும்தான் இவை. நாம் செய்தது, ஆயுதத்தை டன் கணக்கில் உற்பத்தி செய்து எல்லா இடத்திலும் கொட்டியது. அதனால் கேடயம் வைத்திருப்பவை மட்டும் பெருகின.

சென்னையில் என்ன கண்டுபிடித்தார்கள்?

2007 டிசம்பரில், ஸ்வீடனில் வசித்த இந்திய வம்சாவளி நபர் ஒருவர் டெல்லியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஊர் திரும்பிய பிறகு அவருடைய சிறுநீரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா கிடைத்தது. 'கார்பாபெனம்' குடும்ப மருந்துகளுக்கும் அது அடங்கவில்லை. கார்பாபெனம் என்றால், மற்ற ஊசிகள் எல்லாம் கைவிட்ட பிறகு ஐ.சி.யு.வில் கடைசியாக எடுக்கும் மருந்து. அந்த மருந்தையே வெட்டிப்போடும் ஒரு புதிய நொதியை அந்த பாக்டீரியா தயாரித்துக்கொண்டிருந்தது. 2009-ல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் அதற்கு வைத்த பெயர் 'நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்', சுருக்கமாக என்டிஎம்-1.

ஒரு நோயாளியிடம் கிடைத்தது சரி. இந்தியாவில் இது எவ்வளவு பரவியிருக்கிறது? அந்தக் கேள்வியைத்தான் தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் இருந்த கார்த்திகேயன் குமாரசாமியும், பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டிமோத்தி வால்ஷும், பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள்.

2010 ஆகஸ்டில் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் முடிவு வந்தது. என்டிஎம்-1 உள்ள பாக்டீரியா மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தின் மற்ற இடங்களில் 73. முதல் ஆசிரியர் பெயர் கார்த்திகேயன் குமாரசாமி.

எண்ணிக்கையைவிட முக்கியமான விஷயங்கள் இரண்டு. ஒன்று, சென்னை, ஹரியானா மாதிரிகளில் பெரும்பாலானவை ஐ.சி.யு.வில் மாதக்கணக்கில் படுத்திருந்தவர்களிடம் எடுத்தவை அல்ல. வீட்டில், ஊரில் இருக்கும்போதே சிறுநீர்த் தொற்றும் நிமோனியாவும் வந்தவர்களிடம் எடுத்தவை. அதாவது, விஷயம் மருத்துவமனைச் சுவரைத் தாண்டி வெளியே வந்துவிட்டது.

இரண்டாவது, இந்த மரபணு பெரும்பாலும் 'பிளாஸ்மிட்' என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருந்தது. பிளாஸ்மிட்டை பென்டிரைவ் என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு அதைக் காப்பி எடுத்துக் கொடுத்துவிட முடியும். வாங்குவது வேறு இனமாக இருந்தாலும் பரவாயில்லை. குடலில் சும்மா இருக்கும் ஈ.கோலையிடமிருந்து, நோய் உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு இந்த 'ஃபைல்' போய்ச்சேரலாம். தொண்டை வலிக்கு வாங்கிய மாத்திரை எங்கே வேலை செய்கிறது என்பதற்கான விடை இதில் இருக்கிறது. தொண்டையில் இருக்கும் வைரஸை விட்டுவிட்டு, குடலில் இருக்கும் அப்பாவி பாக்டீரியாக்களில் யார் தாக்குப்பிடிக்கிறார் என்று தேர்வு நடத்துகிறது.

அப்புறம் ஏன் அந்த ஆய்வு சண்டையில் முடிந்தது?

கட்டுரையின் கடைசிப் பகுதியில், பிரிட்டனிலிருந்து செலவு குறைவு என்று இந்தியாவுக்கு வந்து அறுவை சிகிச்சை செய்துகொள்வது பற்றி ஒரு எச்சரிக்கை இருந்தது. மெடிக்கல் டூரிசம் சூடுபிடித்திருந்த நேரம் அது. மத்திய சுகாதார அமைச்சகம் உடனே மறுப்பு வெளியிட்டது. டெல்லியின் பெயரை வைத்ததையும், இந்திய மருத்துவமனைகள் பாதுகாப்பற்றவை என்ற தோற்றத்தையும் கடுமையாகக் கண்டித்தது. வெளிநாட்டு மருந்து கம்பெனி நிதியுதவி பற்றியும் கேள்வி எழுந்தது. அந்த எச்சரிக்கை விளக்கம் தன்னுடையது அல்ல என்று கார்த்திகேயன் ஊடகங்களிடம் சொன்னதாகச் செய்திகள் வந்தன. 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்டன், ஒரு நகரத்தின் பெயரை வைத்தது பிழைதான் என்று இந்தியாவிலேயே வந்து ஒப்புக்கொண்டார்.

பெயர் விஷயத்தில் இந்தியாவின் கோபம் நியாயமானது. ஊர்ப் பெயரை நோய்க்கு வைப்பது சரியில்லை என்பதை உலக சுகாதார நிறுவனமே பிற்பாடு விதியாக்கியது. ஆனால் பெயர்ச் சண்டையில் ஆய்வின் உள்ளடக்கம் அமுங்கிப்போனதுதான் நஷ்டம். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. லான்செட் கட்டுரைக்கு 5 மாதம் முன்பே, 2010 மார்ச்சில், இந்திய மருத்துவர்கள் சங்க இதழ் ஒன்றில் மும்பை இந்துஜா மருத்துவமனை டாக்டர்கள் இதே விஷயத்தை எழுதிவிட்டார்கள். கார்பாபெனத்துக்கு அடங்காத 24 மாதிரிகளில் 22-ல் என்டிஎம்-1 இருந்தது என்று அதில் இருந்தது. அதே இதழில் சென்னை டாக்டர் அப்துல் கஃபூர், ஆன்டிபயாட்டிக்குகளின் மரணத்துக்கு இரங்கல் செய்தி என்ற பொருளில் தலைப்பு வைத்து தலையங்கமே எழுதியிருந்தார். அப்போது யாரும் கொந்தளிக்கவில்லை. வெளிநாட்டு இதழில் வந்த பிறகுதான் டி.வி. விவாதம் நடந்தது.

தண்ணீருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

குற்றாலத்துக்குத் திரும்ப வருவதற்கு முன், டெல்லி வழியாகவும் ரிஷிகேஷ் வழியாகவும் ஒரு சுற்று போக வேண்டியிருக்கிறது.

டிமோத்தி வால்ஷ் குழு 2010 செப்டம்பர், அக்டோபரில் டெல்லியில் தண்ணீர் மாதிரிகள் எடுத்தது. தெருவோரம் தேங்கிய நீர், கசிவு நீர் 171 மாதிரி. குழாய்த் தண்ணீர் 50 மாதிரி. கசிவு நீரில் 51-லும், குழாய்த் தண்ணீரில் 2-லும் என்டிஎம்-1 மரபணு கிடைத்தது. 2011 ஏப்ரலில் இது வெளியானது. காலராவையும் வயிற்றுக்கடுப்பையும் உண்டாக்கும் பாக்டீரியா வகைகளிலும் அந்த மரபணு ஏறியிருந்தது. பாக்டீரியாக்கள் இந்த மரபணுவைக் கைமாற்றிக்கொள்வது 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுலபமாக நடக்கிறது என்றும் தெரிந்தது. 30 டிகிரி என்பது நம் ஊரில் சாதாரண நாள்.

அடுத்தது கங்கை. நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் கிரஹாமும் ஐஐடி டெல்லி ஆய்வாளர்களும் 2012 பிப்ரவரியிலும் ஜூனிலும் மேல் கங்கையில் 7 இடங்களில் மாதிரி எடுத்தார்கள். பிப்ரவரியில் கூட்டம் குறைவு. மே, ஜூனில் யாத்திரை சீசன், ரிஷிகேஷிலும் ஹரித்வாரிலும் லட்சக்கணக்கில் மக்கள் கூடுவார்கள். அந்தப் பகுதியில் ஜூன் மாதத் தண்ணீரில் எதிர்ப்பு மரபணுக்களின் அளவு மற்ற காலத்தைவிட சுமார் 60 மடங்கு அதிகம் என்று 2014-ல் நியூகாசில் பல்கலைக்கழகம் அறிவித்தது. ஆறு அதேதான், மலை அதேதான். மாறியது ஆள் எண்ணிக்கை. ஊருக்கு ஏற்ற அளவில் கட்டிய கழிவுநீர் வசதி, திடீரென்று பல மடங்கு கூட்டம் வந்தால் தாங்காது. நகரத்திலிருந்து வந்தவர்களின் குடலில் இருந்தது ஆற்றில் இறங்கியது. அங்கே நீராடியவர்கள் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்ன கவலை.

இப்போது சிற்றாற்றைப் பார்க்கலாம்.

குற்றாலம் மலையில் பிறந்து, தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேர்கிறது சிற்றாறு. அருவிக்கு மேலே காடு. ஊரோ மருத்துவமனையோ கிடையாது. எனவே தலையில் விழும் தண்ணீரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ரிஷிகேஷில் போலவே கேள்வி எல்லாம் கீழே இருக்கிறது. சின்ன பேரூராட்சி அது. சனி, ஞாயிறு வந்தால் வேன், பஸ், கார் என்று வந்து இறங்கும் கூட்டத்துக்கு எத்தனை கழிப்பறை? லாட்ஜ்களின் செப்டிக் டேங்க் நிரம்பினால் அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது? மழை அடித்தால் எது எதோடு கலக்கிறது? இது எதுவும் பெரிய அறிவியல் கேள்வி இல்லை. ஆனால் கங்கையில் கிடைத்த விடை இந்தக் கேள்விகளுக்குள்தான் இருந்தது.

அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்ட கதை குற்றாலம் போகிறவர்களுக்குத் தெரியும். நல்ல உத்தரவு. ஷாம்பூ நுரை கண்ணுக்குத் தெரியும், போலீஸ்காரர் பாக்கெட்டைப் பிடுங்கி வைத்துவிடலாம். எதிர்ப்பு மரபணு நுரைக்காது, நாறாது. அதைக் கண்டுபிடிக்க பாட்டிலில் தண்ணீர் பிடித்து லேபுக்கு அனுப்ப வேண்டும். சீசனுக்கு முன் ஒரு தடவை, உச்சத்தில் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை என்று அருவிக்கு மேலும் கீழும் எடுத்தாலே போதும். இதற்கு டெல்லியிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இதே தென்காசி மாவட்டத்தில், ஆழ்வார்குறிச்சியில்தான் இருக்கிறது.

சரி, இதனால் சாதாரண ஆளுக்கு என்ன ஆகும்?

டைபாய்டை எடுத்துக்கொள்வோம். அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருவது. ஒரு காலத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை கொடுத்தால் போதும், கேட்கும். இன்று இந்தியாவில் கிடைக்கும் பெரும்பாலான டைபாய்டு கிருமிகளிடம் அது சரியாக எடுபடுவதில்லை. மாத்திரையாக மிச்சமிருக்கும் முக்கியமான ஆயுதம் அசித்ரோமைசின்.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள ஹைதராபாத் நகரில் 2016-ல் புதுவகை டைபாய்டு கிளம்பியது. அதற்கு எதிராக இரண்டே இரண்டு மருந்துதான் நம்பகமாக வேலை செய்தது. ஒன்று அசித்ரோமைசின், இன்னொன்று கார்பாபெனம் ஊசி. அங்கும் கழிவுநீர் கலந்த குடிநீர்தான் காரணமாகப் பேசப்பட்டது.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். தனியார் விற்பனையில் இந்தியர்கள் மிக அதிகமாகச் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் எது? 2019-ம் ஆண்டு தரவை வைத்து 2022-ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு சொல்லும் பதில், அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை. அடுத்த இடம் செஃபிக்சிம் 200. டைபாய்டுக்கு மாத்திரையாக மிச்சம் வைத்திருக்க வேண்டியதை, தொண்டை கரகரப்புக்குச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம் என்று இதற்கு அர்த்தம்.

டைபாய்டு மட்டுமல்ல. சிசேரியன், மூட்டு மாற்று, கீமோதெரபி, குறைமாதக் குழந்தையின் இன்குபேட்டர் எல்லாமே, 'தொற்று வந்தால் ஆன்டிபயாட்டிக் இருக்கு' என்ற தைரியத்தில் நடப்பவை. 2016-ல் அமெரிக்காவின் நெவாடா மாகாணத்தில் 70 வயதைத் தாண்டிய ஒரு பெண் இறந்தார். இந்தியாவில் தொடை எலும்பு முறிவுக்கு சிகிச்சை எடுத்திருந்தவர் அவர். அவரிடம் கிடைத்த என்டிஎம் வகை கிளெப்சியெல்லாவை 26 ஆன்டிபயாட்டிக்குகளை வைத்துச் சோதித்தார்கள். ஒன்றுகூட வேலை செய்யவில்லை. அமெரிக்காவில் இருக்கும் மருந்து அவ்வளவுதான்.

நாட்டளவில் பார்த்தால், 2019-ல் மட்டும் இந்தியாவில் மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணமான மரணங்கள் 2,97,000 என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐஎச்எம்இ நிறுவனம் மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2023-ல் லேபில் உறுதியான தொற்றுகளில் உலக அளவில் 6-ல் 1 மருந்துக்கு அடங்காதது. இந்தியா இருக்கும் தென்கிழக்கு ஆசியப் பகுதியில் 3-ல் 1.

சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று சட்டம் இல்லையா?

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஆன்டிபயாட்டிக்குகள் 'ஷெட்யூல் எச்' பட்டியலில் இருப்பவை. டாக்டர் சீட்டு கட்டாயம். 2014 மார்ச் 1 முதல் 'எச்1' என்று இன்னொரு கடுமையான பட்டியல் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 46 மருந்துகள், அதில் 24 ஆன்டிபயாட்டிக். இவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டரில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். செஃபிக்சிம் எச்1-ல் இருக்கிறது. அசித்ரோமைசின் எச்1-ல் இல்லை, எச்-ல்தான்.

எச்1 வந்த கதையிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. என்டிஎம் சர்ச்சைக்குப் பிறகு 2011-ல் மத்திய அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் ஒரேயடியாக இறுக்கினால், டாக்டரே இல்லாத கிராமத்தில் நிமோனியா வந்த குழந்தை என்ன செய்யும் என்ற கேள்வி எழுந்தது. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவ சங்கங்கள் சென்னையில் கூடி, டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைப்பில் 'சென்னைப் பிரகடனம்' தயாரித்தார்கள். அதன் சாரம் இதுதான்: நூறு சதவீத சட்டம் போட்டு காகிதத்தில் வைப்பதைவிட, கடைசி வரிசை மருந்துகளிலிருந்து ஆரம்பித்து, நடக்கக்கூடியதைச் செய்வோம். எச்1 பட்டியல் அந்தப் பாதையில் வந்தது.

நடைமுறையில் மெடிக்கல் கடைக்காரரை மட்டும் குற்றவாளி ஆக்குவது சுலபம், ஆனால் நியாயமில்லை. காய்ச்சலோடு கிளினிக் போனால் ஃபீஸ், காத்திருப்பு, ஒரு நாள் கூலி போச்சு. கடைக்காரர் 'சீட்டு கொண்டாங்க' என்று சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சீட்டே எழுதினாலும் வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதும் டாக்டர்களும் இருக்கிறார்கள்.

புளியரையைத் தாண்டினால் மட்டும் எப்படி?

செங்கோட்டை தாண்டி புளியரை, அப்புறம் ஆரியங்காவு. மலைப்பாதையில் கொஞ்ச தூரம்தான். கேரளா 2018-லேயே மருந்து எதிர்ப்புக்கு என்று மாநிலச் செயல்திட்டம் தொடங்கியது. 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில், சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளில் திடீர் சோதனை ஆரம்பித்தது. ஆன்டிபயாட்டிக்கை நீல நிறக் கவரில் போட்டுத் தரச் சொன்னார்கள். கவரைப் பார்த்ததுமே இது சாதாரண மாத்திரை இல்லை என்று வீட்டில் இருக்கிற பாட்டிக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் யோசனை. ஆன்டிபயாட்டிக் விற்பனை 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்திருக்கிறது என்று கேரள அரசு சொல்கிறது.

சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். புளியரைக்கு அந்தப் பக்கம் புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. இருக்கிற சட்டத்தை எடுத்து தூசி தட்டினார்கள், அவ்வளவுதான்.

அதே கேரளாவைப் பற்றி இன்னொரு கணக்கும் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் கழிவுகள் கொட்டிக் கிடந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு, கேரளாவிலிருந்து லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. மருத்துவமனைக் கழிவு என்பது வெறும் அசிங்கம் இல்லை. கடைசி வரிசை மருந்துகளும் அவற்றை ஜெயித்த கிருமிகளும் ஒன்றாக இருக்கும் குப்பை அது. பாக்டீரியாவுக்கு எல்லைச் சோதனைச் சாவடி கிடையாது. மாத்திரையில் காட்டிய கறார்த்தனத்தைக் கழிவிலும் காட்ட வேண்டும் என்று தென்காசிக்காரர்கள் கேட்டால் அதில் தப்பில்லை.

புது மருந்து வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

வருகிறது, ஆனால் மெதுவாக. சென்னையைச் சேர்ந்த ஆர்ச்சிட் பார்மாவில் பிறந்த 'என்மெட்டாசோபாக்டம்' என்ற மருந்து, செஃபிபைம் என்ற பழைய மருந்தோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க எஃப்டிஏ ஒப்புதல் வாங்கியது. பெருமைப்படக்கூடிய விஷயம். ஆனால் அது வேறு வகை எதிர்ப்பு நொதிகளுக்கான பூட்டு. என்டிஎம் வகையை அது தடுக்காது. மூலக்கூறு கண்டுபிடித்து ஒப்புதல் வரை வர 15 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கிருமிக்கு 20 நிமிடம் போதும் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கோழிப் பண்ணைப் பக்கம் ஒரு நல்ல முடிவு எடுத்திருக்கிறார்கள். என்டிஎம் கிருமிக்கும் வேலை செய்யும் கொலிஸ்டின் மருந்தை, கோழி வேகமாக எடை கூடுவதற்குத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது.

நோயாளி என்ன கேட்கலாம்?

மாத்திரை அட்டையின் பின்னால் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. 2016-ல் மத்திய அரசு இதை வைத்தே ஒரு பிரசாரம் நடத்தியது. சளி, தொண்டை வலி, சாதாரண வயிற்றுப்போக்கு என்று டாக்டரிடம் போனால், "இது வைரஸா, பாக்டீரியாவா? ஆன்டிபயாட்டிக் கண்டிப்பா வேணுமா?" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வயிற்றுப்போக்குக்கு முதல் மருந்து ஓஆர்எஸ் கரைசல்தான். போன தடவை மிச்சமான மாத்திரையை இந்தத் தடவை போடுவதும், பக்கத்து வீட்டம்மாவுக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறவர்கள், சர்க்கரை நோயாளிகள், காய்ச்சல் விடாமல் அடிக்கிறவர்கள் 'கல்ச்சர்' பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே அடங்கும், அடங்காது என்று குறித்திருக்கும். ரிப்போர்ட் வர 2, 3 நாள் ஆகும். ஆன்டிபயாட்டிக் முதல் மாத்திரை போடுவதற்கு முன்னாலேயே சாம்பிள் கொடுத்துவிட வேண்டும். போட்ட பிறகு கொடுத்தால் கிருமி லேபில் வளராமல் போய், ரிப்போர்ட் தவறாக வர வாய்ப்பிருக்கிறது.